நேரத்தை நீட்டக் கேட்டேன், பொலிஸ் 19 நிபந்தனை அனுப்பியிருக்கிறது: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தெற்கு லண்டனில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை மதுபானம் விற்க லைசென்ஸ் இருக்கிறது. அதை அதிகாலை 2 மணி வரை நீட்டவும், சஞ்சிகைத் தட்டு இருந்த சுவர் முழுக்க பியரும் வைனும் வைக்கவும் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தேன். பொலிஸ் லைசென்சிங் ஒபிசர் ஆட்சேபனை போட்டிருக்கிறார். காரணம் நாலு சொல்கிறார்: பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் சிலர் குடித்துக்கொண்டு நிற்பது, போன வருடம் ரெஸ்ட் பர்ச்சேஸில் (வயது குறைந்தவரை அனுப்பி வாங்கிப் பார்க்கும் சோதனை) 16 வயதுப் பிள்ளைக்கு விற்றது, சிசிரிவி பதிவு கேட்டபோது எங்களால் கொடுக்க முடியாமல் போனது, டிபிஎஸ் (லைசென்ஸில் பெயர் குறித்த மதுபானப் பொறுப்பாளர்) ஆகப் பெயர் போட்டிருக்கும் என் மச்சான் பேர்மிங்ஹாமில் இருப்பது. 19 நிபந்தனைகளை ஏற்றால் நள்ளிரவு வரை யோசிக்கலாம் என்று ஈமெயில் போட்டிருக்கிறார். கவுன்சில் விசாரணைக்கு, அதாவது ஹியரிங்குக்கு, மூன்று கிழமை இருக்கிறது. றோட்டுக்கு அந்தப் பக்கக் கடையில் 24 மணி நேரமும் விற்கிறார்கள். கையெழுத்துப் போட்டு முடிப்பதா, எதிர்த்து நிற்பதா? சட்டத்தரணி வேண்டுமா?

பதில்: வணக்கம். திருத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் இப்போதுள்ள லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. இரவு 11 மணி வரை வழமைபோல விற்கலாம். கட்டிய காசு மட்டும் திரும்பாது. ஆனால் ஒபிசர் சொன்ன நாலு காரணங்களில் மூன்று, நேரம் நீட்டுவதைப் பற்றியவையே அல்ல. இருக்கிற லைசென்ஸை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பற்றியவை. அவற்றைச் சரிசெய்யாமல் வாதாடப் போனால், அதே காகிதங்களை வைத்து லைசென்ஸையே ரிவியூவுக்கு (மறுபரிசீலனைக்கு) எடுக்கச் சொல்லிப் பொலிஸ் கேட்கலாம். அதனால் இந்த மூன்று கிழமையை வாதத்துக்குச் செலவழிக்காதீர்கள், கடையைத் திருத்தச் செலவழியுங்கள்.

சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை. 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டத்தோடு உள்துறை அமைச்சு வெளியிடும் வழிகாட்டியில், ஒரு கடை வியாபாரத்துக்குத் திறந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகும் மதுபானத்தையும் விற்க வழமையாக விடவேண்டும் என்று இருக்கிறது. நேரத்தைக் குறைப்பதென்றால் குற்றம், பொதுமக்கள் பாதுகாப்பு, அயலவர் தொல்லை, பிள்ளைகள் பாதுகாப்பு என்ற நாலு நோக்கங்களில் ஒன்றைத் தொட்ட நல்ல காரணம் வேண்டும். வெறும் ஊகம் போதாது, ஆதாரம் வேண்டும் என்று 2008இல் டானியல் த்வைற்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் குற்றம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கவுன்சில் முதலில் காது கொடுப்பது பொலிஸுக்குத்தான். நல்ல காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல இருக்கிறது இப்போதைய நிலை.

அந்தப் பக்கக் கடை 24 மணி நேரம் விற்பதைப் பற்றி ஹியரிங்கில் வாயே திறக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதனதன் தகுதியில்தான் பார்ப்பார்கள். இன்னொரு கடை விடியவிடிய விற்கிறது என்றால், இந்தத் தெருவில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது என்று பொலிஸ் திருப்பிச் சொல்ல அது வசதியாகிவிடும். உங்கள் தெரு கவுன்சிலின் கியூமுலேற்றிவ் இம்பக்ட் பகுதிக்குள் (மதுபான லைசென்ஸ்கள் ஏற்கெனவே அதிகம் என்று கவுன்சில் குறித்த இடம்) வருகிறதா என்று கவுன்சிலின் லைசென்சிங் கொள்கையில் இன்றே பாருங்கள். வருகிறதென்றால் கதையே வேறு. நிலைமையை மோசமாக்க மாட்டேன் என்று காட்டவேண்டிய பாரம் உங்கள் தலையில் வரும்.

பஸ் தரிப்பிடத்தில் குடிப்பவர்கள் விஷயத்தில்தான் ஒபிசரிடம் நீங்கள் கேள்வி கேட்கலாம். எத்தனை சம்பவம், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, அவற்றில் எது உங்கள் கடையோடு தொடர்புபட்டது என்று மரியாதையாக ஈமெயிலில் கேளுங்கள். பொதுவாக வருவது அந்தச் சுற்றுவட்டாரத்தின் பன்னிரண்டு மாதப் பட்டியல். அதில் ரயில் நிலையத்துச் சண்டையும் இருக்கும், சிக்கன் கடை வாசல் தகராறும் இருக்கும், உங்கள் கடையில் களவு போனதென்று நீங்களே பொலிஸுக்கு எடுத்த அழைப்பும் இருக்கும். ஒவ்வொரு வரியையும் பிரித்து, பகலா இரவா, மதுவோடு தொடர்பா இல்லையா, உங்கள் கடையா வேறிடமா என்று குறித்து ஒரு பக்க அட்டவணையாக்குங்கள். பிற்பகல் 3 மணிச் சம்பவங்களே அதிகம் என்றால், இரவு 11க்குப் பிறகு பூட்டுவதால் அவை குறையப் போவதில்லை என்று சொல்ல உங்களுக்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்றையும் நீங்களாகவே முன்வந்து கொடுங்கள். விலை ஒட்டும் கன்னில் கடைப் பெயர் அச்சிட்ட லேபல் உருள் போட்டு, விற்கிற பியர், சைடர் கேன் ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள். கடுமையான வேலைதான். கேஸை உடைத்துப் பிரிட்ஜில் அடுக்கும்போதே ஒட்டினால்தான் நடக்கும், ஈரம் பட்ட கேனில் லேபல் நிற்காது. தரிப்பிடத்தில் கிடக்கும் வெற்றுக் கேன்களில் உங்கள் லேபல் இல்லையென்றால் அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு வேண்டியதில்லை. இருந்தால், யாருக்கு விற்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரியவரும்.

அடுத்தது மச்சான். டிபிஎஸ் எந்நேரமும் கடையில் நிற்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் அன்றாட நிர்வாகம் அவர் கையில் இருக்கவேண்டும் என்பதே அந்தப் பெயரின் பொருள். பேர்மிங்ஹாமில் இருப்பவரால் அது முடியாது. எங்கள் ஆட்களின் கடைகளில் அடிக்கடி காண்கிற பிழை இது. கடை வாங்கும்போது யாரிடம் பேர்சனல் லைசென்ஸ் (மதுபான விற்பனைக்கு ஆளுக்கு வழங்கும் அனுமதி) இருந்ததோ அவரின் பெயரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது. டிபிஎஸ் மாற்ற 23 பவுண்தான். புதியவரின் சம்மதப் படிவத்தோடு அனுப்பி, உடனே அமுலாகவேண்டும் என்ற பெட்டியில் அடையாளமிட்டால் அன்றே அவர் பொறுப்பேற்கலாம். ஆட்சேபிக்கப் பொலிஸுக்கு 14 நாள் இருக்கிறது. உங்களிடமோ மனைவியிடமோ கடையில் முழுநேரம் நிற்கிற ஒருவரிடமோ பேர்சனல் லைசென்ஸ் இருந்தால் இந்தக் கிழமையே செய்யுங்கள். ஒருவரிடமும் இல்லையென்றால் ஒரு நாள் பாடநெறி, பரீட்சை, ஒரு மாதத்துக்குள் எடுத்த பேசிக் டிபிஎஸ் சான்று (இந்த டிபிஎஸ் வேறு, குற்றப் பதிவுச் சான்று), 37 பவுண் கட்டணம் என்று போகும். விண்ணப்பிப்பது நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலுக்கு, கடை இருக்கும் கவுன்சிலுக்கு அல்ல. மூன்று கிழமைக்குள் கைக்கு வராவிட்டாலும் பரீட்சைச் சான்றையும் விண்ணப்ப ரசீதையும் ஹியரிங்குக்கான ஆவணங்களோடு சேர்க்கலாம்.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு விற்றதை மழுப்ப வேண்டாம். மூன்று மாதத்துக்குள் இன்னொரு தடவை நடந்திருந்தால் அது தொடர்ந்து விற்ற குற்றமாகியிருக்கும், கடையை 48 மணி நேரம் முதல் 336 மணி நேரம் வரை பூட்டச் சொல்லும் அதிகாரமும் பொலிஸுக்கு வந்திருக்கும். இப்போது கேட்கப்படுவது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பது, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பாஸ் ஹொலோகிராம் உள்ள வயதுச் சான்று அட்டை தவிர வேறெதையும் ஏற்காதது, மதுபானம் ஸ்கேன் ஆனதும் வயது கேட்டு ரில் (காசு வாங்கும் இயந்திரம்) நின்றுவிடும்படி அமைப்பது, ஊழியருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை பயிற்சி கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பிழை வருவது, விற்க மறுத்தவற்றை எழுதும் மறுப்புப் பதிவேட்டில். ஒபிசர் அதைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது எழுத்தை. ஆறு மாதப் பதிவும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து, எல்லாம் மாலை 6 மணி, எல்லாவற்றுக்கும் காரணம் ‘ஐடி இல்லை’ என்றிருந்தால் முந்தின இரவு இருந்து எழுதியது என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒரு புத்தகம் இருப்பதைவிட இல்லாதிருப்பது மேல். இன்றிலிருந்து உண்மையாக எழுதிய மூன்று கிழமைப் பதிவு, குடிவெறியில் வந்ததால் மறுத்தது, பிள்ளைக்காக வாங்கித் தருகிறார் என்று சந்தேகித்து மறுத்தது எல்லாம் கலந்து, அழுக்கும் கசங்கலுமாக இருந்தால் போதும்.

இனி அந்த 19 நிபந்தனைகள். இதைத்தான் நீங்கள் நிதானமாக வாசிக்கவேண்டும். லைசென்ஸில் ஏறும் ஒவ்வொரு நிபந்தனையும் அன்றிலிருந்து சட்டம். அதை மீறி விற்பது லைசென்ஸ் இல்லாமல் விற்பதற்குச் சமமான குற்றம். ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். பலர் ஹியரிங்குக்குப் போகாமல் தப்பினால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து நிபந்தனை மீறலுக்காக ரிவியூவில் வந்து நிற்கிறார்கள். எந்த நிபந்தனையைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: நான் ஊருக்குப் போயிருக்கும்போது, வேலைக்கு வந்து இரண்டு மாதமான பெடியன் தனியாக நிற்கும் செவ்வாய் இரவில் இது நடக்குமா?

சிசிரிவி நிபந்தனை அநேகமாக, பதிவு 31 நாள் இருக்கவேண்டும், கேட்டால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்றிருக்கும். ஏற்கலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு. எட்டுக் கமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிகிறது என்று வைத்தால் ஒரு கமராவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 21.6 ஜிகாபைட், எட்டுக்கும் 173. முப்பத்தொரு நாளுக்கு 5,400 ஜிகாபைட்டுக்குக் கிட்ட வரும். கடைகளில் பொருத்திவிட்டுப் போகும் ரெக்கோர்டர்களில் 2 டெராபைட் டிஸ்க்தான் இருக்கும். அது பன்னிரண்டாம் நாளே பழையதை அழிக்கத் தொடங்கிவிடும். உங்களால் பதிவு கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். 6 டெராபைட் டிஸ்க் போடுங்கள். கமராவின் தரத்தைக் கூட்டினால் டிஸ்கையும் கூட்டவேண்டும். ரெக்கோர்டரின் கடிகாரத்தை மார்ச்சிலும் ஒக்டோபரிலும் நேரம் மாறும்போது சரிபாருங்கள், ஒரு மணித்தியாலம் பிசகிய பதிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்கள். வாசல் கமரா உள்ளே வருபவரின் முகத்தை நேராக எடுக்கவேண்டும். தொப்பியையும் உச்சந்தலையையும் எடுக்கும் கமராவால் பயனில்லை. பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் 24 மணி நேர நிபந்தனை முதல் விடுமுறையிலேயே மீறப்படும். இரண்டு ஊழியருக்குப் பதிவிறக்கப் பழக்கி, படிமுறையை ரெக்கோர்டர் மேலே ஒட்டிவையுங்கள்.

‘மதுபானம் விற்கும் எந்நேரமும் பேர்சனல் லைசென்ஸ் உள்ளவர் கடையில் இருக்கவேண்டும்’ என்று ஒன்று கட்டாயம் இருக்கும். இதை அப்படியே ஏற்காதீர்கள். நள்ளிரவோடு நிறுத்தினாலும் நாளுக்கு 16 மணித்தியாலம், கிழமைக்கு 112. ஒருவரால் முடியாது, இரண்டு பேராலும் வருத்தம், விடுமுறை வந்தால் முடியாது. ‘வெள்ளி, சனி இரவு 10 மணிக்குப் பிறகு பேர்சனல் லைசென்ஸ் உள்ளவர் இருப்பார், மற்ற நேரங்களில் டிபிஎஸ் எழுத்தில் அதிகாரம் கொடுத்த, பயிற்சி பெற்ற ஊழியர் விற்பார்’ என்று மாற்றுவாசகம் கொடுங்கள். நியாயமான ஒபிசர் அதை ஒத்துக்கொள்வார்.

6.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர், லாகர், சைடர் விற்கக்கூடாது என்பதை ஏற்கலாம். 2012இல் இப்ஸ்விச்சில் சஃபோக் பொலிஸ் தொடக்கிவைத்த முறை அது, இப்போது நாடு முழுக்கக் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் கடைகளுக்கு அதில் ஒரு சிக்கல்: லயன் ஸ்டவுட் 8.8, கின்னஸ் ஃபொரின் எக்ஸ்ட்ரா 7.5. அந்த நிபந்தனை வந்த நாளே இரண்டையும் தட்டிலிருந்து இறக்கவேண்டும். அவற்றைத் தேடி வருபவர் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற ஆள் அல்ல என்பதைச் சொல்லி, ‘போத்தலில் வரும் ஸ்டவுட், கிராஃப்ட் பியர் தவிர’ என்று விலக்கு எழுதிக் கேளுங்கள். சாராய வகைகளை இந்த வாசகம் தொடாது. வரம்பை 5.5 என்று கீழே இறக்கியிருந்தால் 6.5க்குத் திருப்பிக் கேளுங்கள். தனிக் கேன் விற்கக்கூடாது என்பதை முழு நாளுக்கும் ஏற்றால் பகல் வியாபாரம் அடிபடும், இரவு 9 மணிக்குப் பிறகு மட்டும் என்று பேசிப்பாருங்கள்.

இரவு 10 மணிக்குப் பிறகு இரண்டு ஊழியர் என்பது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் 2 மணி ஆசையை அது என்ன செய்கிறது என்று பாருங்கள். 11 முதல் 2 வரை மூன்று மணித்தியாலம், ஏழு நாள், 2025 ஏப்ரலில் வந்த 12.21 பவுண் குறைந்தபட்சச் சம்பள வீதத்தில் கணக்குப் போட்டாலே இரண்டாமவருக்கு மட்டும் கிழமைக்கு 256 பவுண். விடுமுறைச் சம்பளம், நஷனல் இன்சூரன்ஸ் தனி. மதுபானத்தில் உங்களுக்கு நிற்பது 18 சதவீதம் என்றால், அந்த ஒரு சம்பளத்துக்காக மட்டும் கிழமைக்கு 1,400 பவுணுக்கு மேல் புதிதாக விற்கவேண்டும். இன்னொன்று: அந்த இரவு வேலைக்கு மாணவர் விசாவில் உள்ள பெடியனை நினைத்திருந்தால், மூன்றை ஏழால் பெருக்க 21. தவணைக் காலத்தில் பட்டப்படிப்பு மாணவருக்குக் கிழமைக்கு 20தான். ஒரு மணித்தியாலம் கூடினாலும் சட்டவிரோத வேலை. 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். 2017இலிருந்து உள்துறை அமைச்சும் லைசென்ஸ் விஷயத்தில் ஆட்சேபிக்கக்கூடிய தரப்பு என்பதால் அது நேரே லைசென்ஸுக்கு வரும்.

அதனால் என் கணிப்பு இது. ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு 12, வெள்ளி, சனி 1 மணி என்று கேளுங்கள். கூடுதல் நேரம் கிழமைக்கு ஒன்பது மணித்தியாலமாகச் சுருங்கும், அந்த இரண்டாமவருக்கு 110 பவுண். பொலிஸ் 1 மணிக்கு இறங்கி வராவிட்டால் எல்லா நாளும் 12 என்று முடித்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்குப் பிறகு பஸ் தரிப்பிடத்துக் கடைக்கு வருபவர் பெரும்பாலும் தனிக் கேனும் கால் போத்தலும் கேட்பவர்தான், பொலிஸ் குறைசொல்வதும் அதையேதான். ஒரு வருடம் சம்பவம் இல்லாமல் நடத்திக் காட்டிவிட்டுத் திரும்பவும் விண்ணப்பிப்பது இப்போது முட்டுவதைவிடப் பலன் தரும்.

புதிய தட்டைப் பற்றி: சஞ்சிகைச் சுவரில் ஏற்கெனவே பியர் அடுக்கியிருந்தால் இன்றே இறக்குங்கள். கடை வரைபடமும் லைசென்ஸின் ஒரு பகுதி. ஹியரிங்குக்கு முதல் ஒபிசர் வந்து பார்ப்பார். வரைபடத்தில் மதுபானம் வைக்கும் இடம் வண்ணமிட்டுக் காட்டப்பட்டிருக்கவேண்டும், ஸ்பிரிட்ஸ் ரில்லுக்குப் பின்னால் மட்டும் என்று நீங்களே எழுதுங்கள். வாசலிலிருந்து மூன்றடி தூரத்தில் பியர் அடுக்கு என்றால் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அதையும் பொலிஸ் கணக்கில் எடுக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று. இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவும் பானமும் விற்க லைசென்ஸில் தனியாக அனுமதி வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளருக்கு மைக்ரோவேவில் ரோல்ஸ் சூடாக்கிக் கொடுத்தாலும் அது அதற்குள் வரும். விண்ணப்பத்தில் அதைக் கேட்கவில்லையென்றால் 11 மணிக்கு ரோல்ஸ் பெட்டியையும் கோப்பி மெஷினையும் நிறுத்த வேண்டும்.

ஒபிசருக்கு இந்தக் கிழமை ஈமெயில் எழுதுங்கள். 19இல் ஏற்பவை எவை, வாசகம் மாற்றி ஏற்பவை எவை, எது ஏன் முடியாது என்று இலக்கமிட்டு எழுதி, டிபிஎஸ் மாற்றிய ரசீது, டிஸ்க் வாங்கிய பில், பயிற்சிப் பதிவு, குறைத்த நேரம் எல்லாம் இணையுங்கள். உடன்பாடு வந்தால் ஹியரிங் இல்லாமலே முடிக்கலாம், ஆனால் அயலவர் யாராவது ஆட்சேபித்திருந்தால் அவர்களும் ஹியரிங் தேவையில்லை என்று சம்மதிக்கவேண்டும். அவர்களோடு நேரில் பேசுங்கள், மேல்மாடிக் குடியிருப்பாளருக்குப் பெரும்பாலும் பிரச்சினை கதவுச் சத்தமும் காலை டெலிவரியும்தான். ஹியரிங் நடந்தால் உங்கள் ஆவணங்களை முன்கூட்டியே கவுன்சிலுக்கு அனுப்புங்கள். அன்றைக்குக் கையில் கொண்டுபோனால் மற்றத் தரப்பினர் எல்லோரும் சம்மதித்தால்தான் பார்ப்பார்கள். ஹியரிங் அறிவித்தலோடு வரும் பதில் படிவத்தை ஐந்து வேலைநாளுக்கு முதல் திருப்பி அனுப்பவும் மறக்கவேண்டாம்.

சட்டத்தரணி இந்தக் கட்டத்தில் கட்டாயமில்லை. மூன்று கவுன்சிலர்கள் முன்னால் கடையை நடத்துபவரே, புதிய டிபிஎஸ்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்வது நல்ல மதிப்பைத் தரும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரோடு வருவேன் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். கியூமுலேற்றிவ் இம்பக்ட் பகுதி என்றாலோ, பொலிஸ் ரிவியூ என்ற சொல்லை எழுத்தில் பாவித்திருந்தாலோ, உடனே லைசென்சிங் மட்டுமே செய்யும் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்; வீடு வாங்க எழுதிக் கொடுத்தவரிடம் அல்ல. முடிவு பாதகமாக வந்தால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய, முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள். தோற்றால் கவுன்சிலின் செலவும் உங்கள் தலையில் விழலாம். நள்ளிரவுக்கும் 1 மணிக்கும் இடையிலான வித்தியாசத்துக்காக அந்தப் படி ஏறத் தேவையில்லை. நத்தார், புதுவருட இரவுகளுக்கு மட்டும் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் 21 பவுண் கட்டித் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுங்கள், குறைந்தது பத்து வேலைநாளுக்கு முதல்.